முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு

போனட்டை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார் ஜபருல்லா.
இண்டிகா ஏறி இறங்கி, ஏறி இறங்கி,
இன்னொரு தடவையும் ஏறி
யோசித்துவிட்டுத்தான் நின்றது.
"ஒரே ஆட்டத்துல நிக்கணும்" என்றார்.
நாலு ஷாக் அப்சார்பரிலும் எண்ணெய் கசிந்து
புழுதி பிடித்திருந்தது.

மேஜைமேல் இரண்டு வகை வைத்தார்.
பாலிதீன் உறையில் வந்தது ஜோடி ஆயிரத்து எண்ணூறு.
பில் கிடையாது, கம்பெனிக்குப் பேர் கிடையாது,
கருப்புப் பெயின்ட் நகத்தில் ஒட்டியது.
அட்டைப்பெட்டியில் வந்தது ஐயாயிரத்து நானூறு,
இரண்டு வருஷத்துக்கு முத்திரை குத்திய சீட்டோடு.
தண்டை அமுக்கிவிட்டால்
பந்தியிலிருந்து எழும் சம்பந்தி மாதிரி
அவசரமே இல்லாமல் மேலே வந்தது.
மலிவானது பாதியில் ஒருமுறை விக்கியது.

"இதுவும் மோசமில்ல,
தார் நல்லா இருக்கற ஊர்ல.
இங்க ஒரு அறுவடைக்குத் தாங்கும்."
என்னிடம் இருந்தது ஏழாயிரத்து ஐந்நூறு.

எங்கள் பக்கம்
ரோட்டின் நல்ல பாதியில் எப்போதும் நெல் காயும்.
வழவழப்பான இடமாகப் பார்த்துத்தான் கொட்டுவார்கள்,
சுற்றிலும் கல் வைத்து, ஒடித்த கிளை வைத்து.
எனக்கு மிச்சம்
கொள்முதல் நிலையத்துக்கு வரிசை கட்டும் லாரிகளின் பள்ளமும்
கேஜ் வீலைக் கழற்றாமல் ஏறிய டிராக்டரின் பல்தடமும்.

பின்சீட்டில் கலியமூர்த்தி.
கொரடாச்சேரி ரைஸ் மில்லில் கணக்கர். நாற்பத்தொரு வயது.
வாரம் மூன்று நாள் தஞ்சாவூருக்குப் போய்
நாலு மணி நேரம் ரத்தத்தைக் கழுவி வாங்கிக்கொண்டு வருகிறவர்.
ஊசி ஏறிய இடது கையை வலது கையால் பொத்தியபடி
கண்ணை மூடிக்கொண்டே ஊர் சொல்வார்.
"இது சாலியமங்கலம் தாண்டி ரெட்டைப் பள்ளம்.
இது அம்மாபேட்டை வேகத்தடை, வெள்ளை அடிக்காதது."
ஒன்றும் தப்பாது.

போன வெள்ளிக்கிழமை ஒரு பள்ளத்துக்கு
அவர் ஊர் சொல்லவில்லை.
கண்ணாடியில் பார்த்தேன்.
கட்டுத்துணி நனைந்து சிவந்திருந்தது.

"பின்னால பெட்டி. முன்னால பாலிதீன்" என்றேன்.
"போட்டா நாலும் ஒண்ணா போடணும்.
இல்லாட்டி வண்டி ரெண்டு வாயால பேசும்."
"பேசட்டும் பாய். முன்னால நான்தானே."
"அப்ப அறுபதைத் தாண்டாதே.
பிரேக் அடிச்சா முன்னாலதான் குத்தும்" என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜாக்கி வைத்தார்.
கூலியை அப்புறம் வாங்கிக்கொள்வதாக
அவர் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை.
கலியமூர்த்திக்கு விஷயம் தெரியாது.
திரும்பும்போது சாலியமங்கலத்திலேயே பேச்சு நின்றது.
தூங்கவில்லை. மூடிய கண்ணுக்கு மேல் புருவம் சுருங்கியிருந்தது,
கூட்டல் உதைக்கிற பக்கத்தைப் பார்ப்பது போல.
"எங்க வந்திருக்கோம்?"
"அம்மாபேட்டை தாண்டியாச்சு."
"ரோடு போட்டுட்டானா?"
"இல்லையே."
"பின்ன ஊரெல்லாம் எங்க போச்சு?"

என் இடுப்பு ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டிருந்தது.
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்
ஒரு கல்லைக்கூட மறைக்கவில்லை.
"இது கோவில்வெண்ணி வளைவு" என்றேன்.
"ம்."
"இது மதகுக்கு முன்னாடி. குழாய் போடத் தோண்டிட்டு மூடாதது."
"அதுக்குள்ளயா?"
"இது புதுசு. நேத்து மழைக்கு விழுந்திருக்கும்."
அதை மட்டும் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
எஞ்சினை அணைத்தேன்.
சரக்கு ரயில். சணல் நாற்றம் உள்ளே வந்தது.
பெட்டிகளை அவர் காதாலேயே எண்ணி
"நாப்பத்திரெண்டு" என்றார்.
நான் எண்ணவில்லை. இருக்கும்.

கேட் ஏறியது.
தண்டவாளத்தில் என்னை மட்டும் நாலு தடவை தூக்கிப்போட்டது.
"இது கொஞ்சம் தெரியுது" என்றார் பின்னாலிருந்து.
குறை சொல்கிறாரா, சந்தோஷமா என்று
கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன்.
இருட்டிவிட்டிருந்தது.